ஏழேகால் பஸ்ஸும் என் கட்டைவிரலும்

இரண்டு வருடத்துக்கு முன், கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ஏழேகால் பஸ்ஸில், முதுநகருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவில், முன்பின் தெரியாத ஒருவரை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்று நான் பார்க்கிற வேலை என் கையில் இருக்கிறதென்றால் அது அந்த மனிதரால்தான். அதனால் திட்டியதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் என்னைப் பற்றி. சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். "வலிக்காம குத்துற அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நரம்பே தெரியாத குண்டுக் கையிலும், பயத்தில் நரம்பு ஓடி ஒளிந்துகொள்கிற குழந்தைக் கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. "உனக்குக் கை ஊசி, வாய் கடப்பாரை" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த வருடம் ஆவணியில், முதுநகர் மீன் மார்க்கெட்டில் நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்பும்போது கொட்டிக் கிடந்த ஐஸ் தண்ணீரில் கால் வழுக்கி, அரைக் கிலோ நெத்திலியும் நானும் ஒன்றாகச் சிதறினோம். வலது மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. உள்ளே பிளேட் வைத்தார்கள். வெளியே ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று நாலு விரலும் ஒழுங்காக மடங்கின. கட்டைவிரல் மட்டும் எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல நின்றது. அசைக்கலாம், ஆனால் அமுக்க முடியாது. சிரிஞ்சின் பின்பக்கத்தை மெதுவாக இழுக்கிற வேலையில் கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லையென்றால் ஊசி உள்ளே ஆடும், நரம்பு கிழியும். கட்டைவிரல் இல்லாமல் நான் செய்கிற வேலை இல்லை.

எங்கள் லேப் முதலாளி நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் சொன்னார். "பொங்கல் முடியிற வரைக்கும் பில் போடுற எடத்துல உக்காருங்கம்மா. அதுக்குள்ள கை வந்துட்டா உங்க எடம் உங்களுக்கு. வரலன்னா நான் வேற ஆள் பாத்துதான் ஆவணும். தப்பா நெனைக்காதீங்க." தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேர், வயசு டைப் அடித்தபடி, நான் உட்கார்ந்த நாற்காலியில் இன்னொரு பெண் தடவித் தடவி நரம்பு தேடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும்.

மஞ்சக்குப்பத்தில் பிசியோதெரபி பார்க்கிற பெண் ஒரு மெத்துப் பந்து கொடுத்து, தினமும் இருபது நிமிடம் கட்டைவிரலால் அமுக்கச் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நிமிடத்துக்கு மேல் என்னால் அதைச் செய்ய முடிந்ததே இல்லை. பந்தைக் கையில் எடுத்த உடனேதான் பால் பொங்கும், துணி காயப்போட ஞாபகம் வரும். செய்தாலும் எதுவும் நடக்கிற மாதிரியே தெரியாது. எனக்குக் கோபம் வரும். பந்தைத் தூக்கி எறிவேன். அதுவும் இடது கையால்.

அப்படி ஒரு மனநிலையில்தான் அந்தத் திங்கட்கிழமை பஸ் ஏறினேன். முதுநகரில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. அன்று முகூர்த்த நாள் வேறு, பட்டுப்புடவைக் கூட்டம் நெரித்தது. வலது கையில் கிரேப் பேண்டேஜ், இடது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறேன். எனக்கு நேர் கீழே முப்பது முப்பத்திரண்டு வயதில் தாடி வைத்த ஒருத்தர், தலையை நிமிர்த்தாமல், இரண்டு கையாலும் ஒரு வீடியோ கேம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு டொக்கு டொக்கென்று பட்டன் தட்டுகிறார். நடுவில் சின்னத் திரை, இரண்டு பக்கமும் பட்டன்கள், செல்போனைவிடக் கொஞ்சம் அகலம். அவருடைய இரண்டு கட்டைவிரலும் வெல்லம் கண்ட எறும்பாட்டம் சுறுசுறுப்பாக ஓடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்பா, எரும கன்னாட்டம் வளந்துட்டு இன்னும் வீடியோ கேம் ஆடிக்கிட்டிருக்கியே, வெக்கமா இல்ல? கை ஒடிஞ்ச பொம்பள ஒருத்தி தலைக்கு மேல தொங்கறது கண்ணுக்குத் தெரியல, பெட்டிக்குள்ள இருக்கற பொம்மை மட்டும் நல்லாத் தெரியுது!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இரண்டு பட்டுப்புடவைகள் என் பக்கம் சேர்ந்துகொண்டு உச்சுக்கொட்டின. அந்த ஆள் பதறி எழுந்தார். "சாரிக்கா, சத்தியமா பாக்கலக்கா, உக்காருங்கக்கா" என்று மூன்று முறை சொன்னார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேசவில்லை.

நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்து பஸ்களில் எழுதாத சட்டம். திட்டினவரோ திட்டு வாங்கினவரோ, அதில் விலக்கு கிடையாது. நான் உட்கார்ந்த மறு நிமிடமே ஒரு காலேஜ் பெண்ணின் பை, ஒரு பாட்டியம்மாவின் பூக்கூடை, அந்த ஆளின் சாப்பாட்டுப் பை எல்லாம் என் மடிக்கு வந்தன. கம்பியைப் பிடிக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டுமே, அதனால் சாப்பாட்டுப் பைக்கு மேலேயே அந்த கேம் பெட்டியையும் வைத்துவிட்டார். அது நிற்காமல் கீச்சுக் கீச்சென்று பாடிக்கொண்டிருந்தது.

"இந்தக் கருமத்த நிறுத்துப்பா" என்றேன்.

"வலது பக்கத்துல சின்னதா ஒரு பட்டன் இருக்கு பாருங்க. ஒரு அமுக்கு அமுக்குங்கக்கா, நின்னுடும்."

இடது கை பைகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. வலது கட்டைவிரலை அந்தப் பட்டன் மேல் வைத்தேன். அமுக்கினேன், அதாவது அமுக்க நினைத்தேன். விரல் அப்படியே படுத்துக் கிடந்தது. பெட்டி பாடிக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றேன். பட்டன் இம்மிகூட இறங்கவில்லை. பதினாலு வருடம் ஊசி பிடித்த கை, ஒரு பொம்மைப் பெட்டியின் பட்டனிடம் தோற்றுப்போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்துகொண்டேன். அவர் பார்த்துவிட்டார். கையை நீட்டி, தானே அதை நிறுத்தினார்.

புதுச்சத்திரத்தில் கல்யாணக் கூட்டம் இறங்கியது. பக்கத்தில் இடம் காலியானதும் வந்து உட்கார்ந்தவர், "ஆபரேசனாக்கா?" என்று கேட்டார். அவ்வளவு திட்டு வாங்கியவரிடம் முறைத்துக்கொண்டா இருக்க முடியும்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மீன் மார்க்கெட், பிளேட், பந்து, பொங்கல் கெடு, எதையும் விடவில்லை. அவர் கீரப்பாளையத்தில் ஒரு டிராக்டர் பழுது பார்க்கிற கடையில் வேலை செய்கிறார். கடலூரிலிருந்து தினமும் இதே பஸ்ஸில் வந்து சிதம்பரத்தில் மாறிப் போகிறார். நானும் இதே பஸ்தான். ஆறேழு மாதமாக இரண்டு பேரும் ஒன்றாகப் போயிருக்கிறோம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை.

"பந்து அமுக்குறது போர்தான்கா. பந்து திருப்பி ஒண்ணும் செய்யாதுல்ல? இது செய்யும்" என்று பெட்டியை என் மடியில் வைத்தார். "உங்க விரலுக்குத் தோதா ஒரு ஆட்டம் போட்டுத் தரேன்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு பாடம் ஆரம்பமானது. எந்த ஆட்டம் கையில் பிடித்து ஆடுவதற்கு ஏற்றது, எது இல்லை என்பதில் அவர் ஒரு பெரிய ஆராய்ச்சியே செய்து வைத்திருந்தார். டீவியில் ஆடுகிற ஆட்டம் வேறு, பஸ்ஸில் ஆடுகிற ஆட்டம் வேறு என்பது அவர் கட்சி. "தலவாழ எல சாப்பாட்ட டிபன் பாக்ஸ்ல அடைக்க முடியுமாக்கா? பஸ்ஸுக்கு எலுமிச்ச சாதம்தான் சரி" என்பார்.

கார் ரேஸ் ஆட்டம் வேண்டவே வேண்டாம். பஸ் ஒரு பக்கம் திரும்ப, திரையில் கார் இன்னொரு பக்கம் திரும்ப, ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் குடலைப் பிரட்டும். அவரே ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருக்கிறாராம். துப்பாக்கி எடுத்துக்கொண்டு ஓடுகிற பெரிய சண்டை ஆட்டங்களும் ஆகாது. எழுத்தெல்லாம் கடுகு சைஸில் இருக்கும். தவிர, கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்கிற நேரத்தில் நம் ஆள் செத்துப்போவான்.

எனக்கு முதலில் அவர் கொடுத்தது முறை வைத்து ஆடுகிற ஆட்டம். நம் ஊர் தாயம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு காய் நகர்த்தினால்தான் எதிராளி ஒரு காய் நகர்த்துவான். அதுவரை வாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேமே என்று நிற்பான். பஸ் குலுங்கினாலும் அவனுக்குக் கவலையில்லை, நான் ஒரு பட்டனை அமுக்க அரை நிமிடம் எடுத்துக்கொண்டாலும் அவனுக்கு அவசரமில்லை. என் கட்டைவிரலுக்கு அப்போது தேவைப்பட்டது அப்படி ஒரு பொறுமைசாலிதான். மூன்றாவது நாள், பி.முட்லூர் பாலத்துக்கு முன்னால், முதல் தடவையாக அந்தப் பட்டன் 'டொக்' என்றது. நான் போட்ட கத்தலில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

பிசியோ பெண்ணிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "பந்தையும் விடக் கூடாது. இதையும் ஒரு தடவைக்கு இருபது நிமிஷம், வலிச்சா உடனே நிறுத்தணும்" என்றாள். விந்தை என்னவென்றால், விரல் அசைகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்ட பிறகு பந்தையும் நான் ஒழுங்காக அமுக்க ஆரம்பித்தேன்.

அடுத்தது மேலிருந்து கட்டம் கட்டமாக விழுவதைத் திருப்பி அடுக்குகிற ஆட்டம். ஒரு ஆட்டம் ஐந்து நிமிடம்தான். ஒரு ஸ்டாப்பில் ஆரம்பித்து அடுத்த ஸ்டாப்பில் தோற்றுவிடலாம். தோற்றாலும் மனசு கேட்காது, இன்னொரு கை பார்க்கத் தோன்றும். இதில் விரல் கொஞ்சம் வேகமாக அமுக்க வேண்டும். அதற்கும் அடுத்து பள்ளத்தைத் தாண்டித் தாண்டிக் குதிக்கிற ஆட்டம். அதில் அமுக்கினால் மட்டும் போதாது, எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடிக்கிறோம் என்பதில்தான் தாவுகிற தூரம் இருக்கிறது. சிரிஞ்ச் இழுக்கிற அதே நிதானம். நான் முதல் வாரத்தில் விழுந்த பள்ளங்களுக்குக் கணக்கே கிடையாது. "போச்சா?" என்பார் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "போச்சுடா சாமி" என்பேன். எப்போது 'ப்பா' போய் 'டா' வந்தது என்று தெரியவில்லை. தம்பி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். பேர் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ் சிநேகிதத்தில் அது பழக்கமில்லை.

இவையெல்லாம் எனக்கு. அவர் ஆடுவது ஒன்றே ஒன்றுதான், விவசாயம் செய்கிற ஆட்டம். பெட்டிக்குள் ஒரு வயல், ஒரு கொட்டகை, நாலு கோழி. உழுது, விதைத்து, தண்ணீர் ஊற்றி, படுத்துத் தூங்கினால் ஒரு நாள் முடிந்துவிடும். இதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தினம் ஒரு நாள்தான் ஆடுவார், மேற்கொண்டு ஒரு நிமிடம் கிடையாது. வயலைப் படுக்க வைத்துவிட்டுப் பெட்டியை என்னிடம் கொடுப்பார். "எதுல வேணா ஆடுங்கக்கா. அந்த வயல மட்டும் தொடாதீங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, பெட்டியை வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னார். "பொங்கலுக்கு நாள் இல்லக்கா. ஞாயித்துக்கெழம பூரா ஆடுங்க. நான் திங்கக்கெழம ரெண்டு நாளா சேத்து ஆடிக்கறேன்" என்றார். எவ்வளவு விலை இருக்கும் அந்தப் பெட்டி! என் வீடு எங்கே என்றுகூட அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். குதிக்கிற ஆட்டத்தில் இருபது பள்ளம் விழாமல் தாண்டினேன். விரல் பறக்கிறது! தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், 'அப்படி என்னதான் இருக்கிறது அந்த வயலில், சும்மா எட்டிப் பார்க்கலாமே' என்று புத்தி போனது. திறந்தேன். அது என்னவோ கேட்டது, பட்டனைத் தட்டினேன். மறுபடி கேட்டது, தட்டினேன். இன்னொன்றும் கேட்டது, அதையும் தட்டிவிட்டேன். திரையில் புல்லும் கல்லுமாக ஒரு கரம்பு நிலம் வந்தது. மேலே 'முதல் நாள்' என்று இருந்தது. கோழிகளைக் காணோம்.

புது ஆட்டம் ஆரம்பித்தால் பழையது அழிந்துவிடும், சம்மதமா என்றுதான் அது கேட்டிருக்கிறது. நாள் முழுக்க ரிப்போர்ட்டில் புள்ளி வரை சரிபார்க்கிறவள் நான். கண் படிப்பதற்குள் கட்டைவிரல் மூன்று தடவை சரி சொல்லிவிட்டது. இத்தனை நாள் அசையாமல் கிடந்த விரல், அசைய வந்ததும் செய்த முதல் காரியம் இது. குழம்பு தீய்ந்த வாசம் வந்து, என் வீட்டுக்காரர்தான் அடுப்பை அணைத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சார்ஜ் போயிடுச்சு, அதுவா அழிஞ்சிடுச்சின்னு சொல்லிடேன். அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

மறுநாள் பஸ்ஸில் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வாயில் வரவில்லை. "தம்பி, தொடாதன்னு சொன்னியே, தொட்டுட்டேன். வயல அழிச்சிட்டேன்" என்றேன். அவர் பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் அந்தக் கரம்பு நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அதுல நூத்தி எழுபத்தி மூணு நாள் இருந்திச்சிக்கா. நான் சிகரெட்ட விட்டு நூத்தி எழுபத்தி மூணு நாள். வீட்டுல அவுங்க உண்டாயிருக்காங்க. கொழந்த வர்றதுக்குள்ள விட்டுடணும்னு அன்னிக்கி ஆரம்பிச்சது. கை சிகரெட்ட தேடும்போதெல்லாம் இத எடுத்துக்குவேன். பிடிக்காம இருந்தாதான் அன்னிக்கி வயலுக்குப் போவேன், இல்லன்னா கெடையாது."

எனக்கு எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "பரவால்லக்கா" என்றார். அதைச் சொன்ன குரலில் பரவாயில்லை என்பது இல்லவே இல்லை. சிதம்பரத்தில் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆருத்ரா தரிசனத்துக்காகக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. கீரப்பாளையம் போகிற பஸ்கள் நிற்கிற இடத்தில், லேப்புக்கு நேரமாவதைக்கூடப் பார்க்காமல், ஒவ்வொரு தாடியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் விரலைப் பற்றிய கவலையே மறந்துபோனது. ஒருத்தர் ஆறு மாதமாகக் கட்டிக் காத்ததை இரண்டு வினாடியில் நான் கலைத்துவிட்டேன், அந்த ஆள் இப்போது எந்தப் பெட்டிக்கடை வாசலில் நிற்கிறாரோ என்பதுதான் மனசில் ஓடியது. பில் போடும்போது இரண்டு பேருடைய வயதை மாற்றி அடித்து, முதலாளியிடம் பாட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை காலை, முதுநகரில் நான் ஏறியபோது, பக்கத்து இடத்தில் பையை வைத்து எனக்காக சீட் பிடித்து உட்கார்ந்திருந்தார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது எனக்கு.

"திங்கக்கெழம சாயங்காலம் ஒண்ணு பத்த வச்சேங்கா" என்றார், அவராகவே. "ரெண்டு இழுப்புதான். போட்டுட்டேன். ஆனா வீட்டுல வாசம் புடிச்சிட்டாங்க, ஒரே அழுக. ரெண்டு நாள் லீவு போட்டு அவுங்க கூடவே இருந்தேன்."

"என்னாலதானே தம்பி" என்றேன்.

"நீங்க அழிச்சது வயலதாங்கா. பத்த வச்சது நான்தானே? அதுக்கும் உங்களயே திட்டினா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிப் பெட்டியை என் கையில் வைத்தார். "மொதல்லேந்து ஆரம்பிப்போம். ஆனா இந்த தடவ உழுறது உங்க வேல. ஒரு கட்டத்துக்கு ஒரு அமுக்கு. கல்லு இருந்தா ரெண்டு அமுக்கு."

திட்ட வேண்டிய இடத்தில் அவர் திட்டவில்லை. திட்டக்கூடாத இடத்தில் நான் ஊரைக் கூட்டித் திட்டியிருந்தேன். அன்று அதை நினைத்து எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. அவரிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். "அட விடுங்கக்கா, எரும கன்னுன்னுதானே சொன்னீங்க, அழகாத்தானே இருக்கும்" என்றார்.

அந்தக் கரம்பை நான் உழுதேன். தினம் ஒரு நாள், அவர் கணக்கு ஒரு பக்கம் ஏற, என் கட்டைவிரல் இன்னொரு பக்கம் ஏறியது. கல் பொறுக்கி, உழுது, விதை போட்டு, பொங்கல் லீவுக்கு முன்னால் முதல் அறுவடை எடுத்தோம். கிழங்குதான். பஸ்ஸில் பின்சீட்டு மனிதர் ஒருத்தர் எழுந்து நின்று அறுவடையை எட்டிப் பார்த்தார்.

காணும் பொங்கல் முடிந்து லேப் திறந்ததும் முதலாளி கூப்பிட்டார். "நாளைக்கி காலையில ஒருத்தருக்கு எடுத்துக் காட்டுங்கம்மா. அதப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்." அன்று சாயங்காலம் திரும்புகிற பஸ்ஸில் தம்பியும் இருந்தார், அவரிடம் சொன்னேன். புலம்பினேன் என்பதுதான் சரி. பெட்டியில் தப்பினால் மறுபடி ஆடலாம், மனுஷன் கையில் தப்பினால் என்ன செய்வது என்று கேட்டேன். லேப் எந்தத் தெருவில், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவரைக் காணோம். போயும் போயும் இன்றைக்கா என்று மனசு விட்டுப்போனது. லேப்பில் நுழைந்தால், வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறார். ஆறரை மணி பஸ்ஸிலேயே வந்துவிட்டாராம். அரை நாள் லீவு போட்டுவிட்டு, பல் மட்டும் துலக்கி, தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல். "சுகர் பாக்கணும் சார். எனக்கு அந்த அக்காதான் எடுக்கணும்" என்று முதலாளியிடமே சொல்லிக்கொண்டிருந்தார். சுகர் பார்க்கிற வயதா அது?

என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் முழங்கைக்கு மேல் ரப்பரைக் கட்டினேன். டிராக்டர் ஸ்பேனர் பிடித்த கை, நரம்பு கயிறு மாதிரித் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டே எடுக்கலாம் அந்தக் கையில். முதலாளி பின்னால் நின்றார். ஊசியைச் செலுத்தினேன். சரியாகத்தான் போனது. சிரிஞ்சை இழுக்கும்போது கட்டைவிரல் ஒரு கணம் நடுங்கியது. ஊசி நரம்பை விட்டு நழுவியது. ரத்தம் வரவில்லை. தோலுக்குக் கீழே புடைத்துக்கொண்டு வந்தது. அவருக்கு நல்ல வலி இருந்திருக்கும், எனக்குத் தெரியும். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். பதினாலு வருடத்தில் ஒரு கயிறு நரம்பை நான் தவறவிட்டதில்லை. "நீ வந்து எடும்மா" என்று அந்த இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அவர் எழவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே மற்றச் சட்டைக் கையைப் பல்லால் இழுத்து ஏற்றினார்.

"ரெண்டு கை குடுத்திருக்கானே கடவுள். இதுல பாருங்கக்கா" என்றார்.

நான் உட்கார்ந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, புது ஊசி பிரித்து, இந்தத் தடவை முதலாளி நிற்பதையும் மறந்து, அந்தக் கையை மட்டும் பார்த்தேன். ஊசி போனது. கட்டைவிரல் மெதுவாக, ஒரே சீராக இழுத்தது. கருஞ்சிவப்பாக ரத்தம் ஏறியது. மூன்று மில்லி ஏறும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. ஊசியை எடுத்த பிறகுதான் அழுதேன், நோயாளிகள் எல்லாரும் பார்க்கப் பார்க்க. "நாளையிலேந்து உள்ளயே உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு முதலாளி அவர் அறைக்குப் போய்விட்டார். சுகர் சரியாகத்தான் இருந்தது, அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மாசி மாதம் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாளில் வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். சிகரெட்டை அதற்குப் பிறகு தொடவில்லை என்று கடைசியாகப் பார்த்த அன்று சொன்னார், நம்புகிறேன். அவர் பேரை அந்த லேப் பில்லில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இங்கே எழுதவில்லை, அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

ஊசியைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறவர்களை முன்பெல்லாம் அதட்டுவேன். இப்போது அதட்ட வாய் வருவதில்லை. ஒரு கையில் நான் தவறாகக் குத்திப் புடைத்து நிற்கும்போதே மற்றக் கையையும் என்னை நம்பி நீட்டிய ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன், நம்பிக் கை நீட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.